ஆறு ஜாக்கெட் பிட்டில் ஆறு கொடி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கரை நெடுக 61 நாள் படகுகள் மராமத்தில் நிற்கும். கையில் காசு இருக்காது, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கச்சான் காத்து மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். பல நாடுகளில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வானவில் கொடி ஏற்றிக் கொண்டாடுகிற ஜூன் மாதம் நம் பக்கத்துக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

அந்த மாதத்துக்குக் காரணம் 1969 ஜூன் 28. நியூயார்க்கில் அவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்துக்குள் போலீஸ் சோதனைக்கு வந்தபோது அங்கிருந்தவர்கள் திருப்பி எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு அதே நாளை நினைத்து ஊர்வலம் போனார்கள். கொல்கத்தாவில் 1999 ஜூலை 2 அன்று சுமார் 15 பேர் நடந்தார்கள். சென்னையில் 2009இல், மதுரையில் 2012இல் பேரணி நடந்தது. ‘பிரைடு’ என்பதைத் தமிழில் பெருமிதம் என்கிறோம், சுயமரியாதை என்றும் சொல்கிறோம். இரண்டாவது சொல்தான் எனக்குப் பிடித்தது. பெருமிதத்தைக் காட்டுவதற்கு எதிரே ஆள் வேண்டும். சுயமரியாதையைத் தனியறையிலும் வைத்துக்கொள்ளலாம்.

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், பெண்ணாக வளர்க்கப்பட்ட ஆண்களான திருநம்பிகள், பிறப்பிலேயே ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத உடலமைப்புள்ள ஊடுபால் மக்கள், இந்தப் பெயர் எதிலும் அடங்காத பால்புதுமையர் என்று நம் கரையிலும் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களில் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்காகவும், அவர்களோடு நிற்க நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் கரையில் பேரணியில் தொடங்கக் கூடாது. ஒருவரை ஒருவர் நம்புகிற ஆறு பேரில் தொடங்க வேண்டும். சென்னையில் நடந்தவர் மறுநாள் ஊர்க்கூட்டத்தில் கரைந்துவிடலாம். தங்கச்சிமடத்தில் நடந்தவர் மறுநாள் அதே சர்ச் வாசலில், அதே டீக்கடையில், அதே இறால் கம்பெனி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். அப்போது கூட யார் நிற்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பையன்கள் பெரும்பாலும் கிரைண்டர் போன்ற செயலிகளில் தேடுகிறார்கள். இவை காதலுக்கும் உடலுறவுக்குமானவை. நட்பு வட்டத்தை இவற்றில் தேடினால் வேகமாக ஏமாற்றம் வரும். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று முதலில் தெரிவது இவற்றில்தான் என்பதால், வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நுழைந்ததும் செய்ய வேண்டியது, தூரத்தைக் காட்டும் வசதியை அணைப்பது. கீழக்கரை மாதிரி ஊரில் ‘200 மீட்டர்’ என்று தெரிந்தால் தெருவையே சொல்லிவிட்ட மாதிரி. முகப்படத்தை முகப்பில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ ஏற்கெனவே போட்ட படத்தையும் வைக்காதீர்கள். படத்தை வைத்தே தேடிப்பிடிக்க முடியும்.

இங்கே நடக்கும் மிரட்டலுக்கு ஒரே அச்சுதான். இரண்டு நாள் இனிக்கப் பேசுவார். மூன்றாம் நாள் தென்னந்தோப்புக்கோ சவுக்குத் தோப்புக்கோ வரச்சொல்வார். அங்கே இன்னும் இருவர் வந்து வீடியோ எடுப்பார்கள், ஜிபேயில் பணம் கேட்பார்கள். அதனால் முதல் சந்திப்பு பகலில், டீக்கடையும் ஆட்களும் இருக்கிற இடத்தில்தான். அதற்கு முன் ஒரு நிமிடமாவது வீடியோ அழைப்பில் முகம் பார்க்க வேண்டும். முகம் காட்ட மறுப்பவர் பயந்தவராகவும் இருக்கலாம், ஏமாற்றுபவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நீங்கள் தோப்புக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

மாட்டிக்கொண்டால் பணம் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதல் தடவை கொடுத்த பணம் இரண்டாம் தடவை கேட்பதற்கான அழைப்பு. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் பரிவர்த்தனை எண்ணோடு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் வருகிறது. அனுமதியில்லாமல் அந்தரங்கப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவில் குற்றம். ‘போலீஸ்ல சொல்லிருவேன்’ என்று அவர் மிரட்டுவதில் அர்த்தமில்லை. வயதுவந்த இருவர் விருப்பத்தோடு இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ‘உங்க வீட்ல சொல்லிருவேன்’ என்பதுதான் உண்மையில் வலிக்கும் மிரட்டல். அதைத் தனியாகத் தாங்கக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த ஆறு பேர்.

போனைப் பற்றி நீளமாகச் சொல்லியாக வேண்டும். இங்கே ரகசியம் உடைவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான், அதுவும் போனால். தம்பி கேம் விளையாட வாங்குகிற போன், அண்ணன் ரீசார்ஜ் செய்துகொடுக்கிற போன், அக்காவும் தங்கையும் சேர்ந்து வைத்திருக்கிற போன். முதலில் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அங்கே இருந்தால், உங்கள் செய்திகளை இன்னொருவர் படிக்கிறார். அடுத்தது அறிவிப்பு. பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாமல் அமைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கூகுள் போட்டோஸ். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஜிமெயில் என்றால் நீங்கள் எடுக்கிற படம் அப்பாவின் போனிலும் ஹாலில் இருக்கும் டிவியிலும் வந்து நிற்கும். யூடியூப் தேடல் வரலாறும் அப்படியே. தனி ஜிமெயில் தொடங்குங்கள், பேக்கப்பை அணையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் இரண்டாவது கணக்கு வைப்பவர்கள் செய்யும் தவறு, அதே போன் எண்ணைக் கொடுத்துத் தொடர்புப் பட்டியலையும் இணைத்துவிடுவது. மறுநாள் பெரியப்பா மகனுக்கு ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று அந்தக் கணக்கையே காட்டிக்கொடுக்கும். குழு உரையாடலுக்கு டெலிகிராம் நம் ஊருக்குப் பொருந்துகிறது. படம் இறக்க எல்லோர் போனிலும் அது இருப்பதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எண்ணை யாருக்கும் காட்டாமல் பயனர்பெயரோடு இருக்கலாம், செயலிக்குத் தனிப் பூட்டும் போடலாம். ஆனால் அதன் குழு உரையாடல்களுக்கு, குழுவில் இருப்பவர்கள் மட்டுமே படிக்க முடிகிற முழு மறையாக்கம் இல்லை. அது முக்கியம் என்று நினைப்பவர்கள் சிக்னலுக்குப் போகலாம். என் கணிப்பில், வீட்டில் போனை எடுத்துப் பார்க்கும் கைதான் நமக்குப் பெரிய கவலை. அதற்குப் பூட்டும் மறைந்த அறிவிப்பும் போதும்.

பலர் யோசிக்காத இன்னொன்று ஜிபே. நீங்கள் குழுவில் என்ன பெயரில் இருந்தாலும், பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயர் தெரிந்துவிடும். திருநம்பி ஒருவரின் பழைய பெயர் அப்படித்தான் எல்லோர் முன்னாலும் வந்து விழுகிறது. குழுவுக்குள் பணம் ரொக்கமாகவே இருக்கட்டும்.

மூன்று பேர் சேர்ந்தால் சந்திக்கத் தொடங்கலாம். எல்லாக் கரையூர்களுக்கும் நடுவே இருப்பது ராமநாதபுரம் பேருந்து நிலையம்தான். ராமேசுவரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், கீழக்கரையிலிருந்து 17, தேவிபட்டினத்திலிருந்து 15. அவரவர் ஊரிலிருந்து தள்ளியிருப்பதால் தெரிந்தவர் கண்ணில் பட்டாலும் ‘டவுனுக்கு வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை. பணமே கேட்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எத்தனையோ பேர் ஒரு கூட்டத்துக்கு வர முடிவதே அதனால்தான்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது கடலைக் கணக்கில் எடுங்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும். சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலை கரையேறி மத்தியானம் வரை தூங்குவார். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேலை அதிகம். கீழக்கரையில் கடை வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளிதான் ஓய்வு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேசுவரம் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை 3 மணி முதல் 5 மணி வரை என்று வைத்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். தேதியை மாதாமாதம் பேசி முடிவு செய்யாதீர்கள். பேசத் தொடங்கினால் கூட்டமே நடக்காது. வருகிறவர் வரட்டும், தேதி நகரக் கூடாது.

முதல் மூன்று கூட்டங்களில் போட்டோ கிடையாது. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு, ஏற்கெனவே இருக்கும் இருவர் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒருவரின் பெயரோ, ஊரோ, அவர் திருநம்பி என்பதோ அவருடைய சொத்து. அவர் இல்லாத இடத்தில் அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது. சொன்ன பெயரில் கூப்பிட வேண்டும். ‘உண்மையான பேரு என்ன?’ என்று கேட்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு விதி தேவைப்படுகிறது. ‘நீங்க என்ன ஆளுக?’ என்று கேட்கக் கூடாது. அதை நேரே கேட்காமல் ‘எந்தத் தெரு?’, ‘குலசாமி எது?’ என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் அதே கேள்விதான். இதைச் சொல்லாமல் விட்டால் ஆறு பேர் வட்டம் ஒரே வருடத்தில் மூன்று மூன்றாகப் பிரியும். இரண்டு பேர் காதலிப்பார்கள், அதில் ஒருவர் வீட்டுச் சாதியைச் சொல்லிப் பின்வாங்குவார், மற்றவர் குழுவைவிட்டே போய்விடுவார். பாலினத்துக்காக ஊரில் ஒதுக்கப்படுகிறவர் சாதிக்காக இங்கேயும் ஒதுக்கப்பட்டால் அவருக்குப் போக வேறு இடமே இல்லை. முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்டவரைத் தனியே கூப்பிட்டு ஒருமுறை சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால் அவர் வெளியே போகட்டும்.

திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. அம்மா, மகள், நானி என்று உறவு வைத்து வீடில்லாதவருக்கு வீடு கொடுத்தவர்கள் அவர்கள். அதில் கடமையும் கட்டுப்பாடும் உண்டு, சேர்வதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு திருநங்கைகள் நலவாரியம் 2008இல் அமைந்தது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தைக் கேட்கலாம். ஆனால் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும், திருநம்பிக்கும் இப்படி எந்த மரபும் கை கொடுப்பதில்லை. செயலிகளில் அவர்கள் குறைவு. மாலை 6 மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் படி தாண்ட முடியாது.

அவர்களுக்கு நன்றாக வேலை செய்வது படிப்பு வட்டம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குச் சேர்ந்து படிக்கிறோம் என்றால் இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் தடுக்கமாட்டார்கள். மாவட்ட மைய நூலகத்தில் காலை 10 மணிக்குச் சேர்ந்து, ஒரு மணி நேரம் உண்மையிலேயே படித்துவிட்டு, பிறகு வெளியே வந்து பேசலாம். படிப்பது போல நடிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பொய்க் காரணம் மூன்றாவது வாரம் கிழிந்துவிடும். உண்மையில் படித்தால் நோட்டு இருக்கும், மாதிரித் தேர்வு மதிப்பெண் இருக்கும். வேலையும் கிடைத்துவிட்டால், ‘கல்யாணம் இப்போ வேண்டாம்’ என்று சொல்வதற்கான தெம்பு சம்பளத்தோடு வரும். தையல் வகுப்பு, கணினி வகுப்புக்கும் இது பொருந்தும்.

வட்டங்கள் ஏன் உடைகின்றன என்று பார்த்தால் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஒருவரே எல்லாவற்றையும் நடத்துவார், அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் குழு நின்றுவிடும். அதனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் பொறுப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றம். இன்னொன்று, 40 பேரை டெலிகிராமில் சேர்த்துவிட்டு யாரென்றே தெரியாமல் இருப்பது. எட்டைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். பணத்துக்கு ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போதும். ஆறு பேருக்கு வருடம் 3,600. அதில் 1,000 ரூபாயைத் தொடவே கூடாது. யாராவது ராத்திரியில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் மதுரைக்குப் பஸ் ஏற்றவும், சாப்பிடவும் அந்தப் பணம்.

18 வயது ஆகாதவர்களைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். கல் நெஞ்சோடு சொல்வதாக நினைக்க வேண்டாம். போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வேறுபாடில்லை, சம்மதம் என்ற பேச்சும் இல்லை. 17 வயதுப் பிள்ளையோடு 22 வயதுக்காரர் நட்பாகத் திரிந்தாலும் கண்ணியமான வட்டம் மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். அவர்களுக்கு 1098 சிறார் உதவி எண்ணும், மனநலத்துக்கு 14416 டெலிமானஸ் எண்ணும் இருக்கின்றன. டெலிமானஸ் தமிழிலும் கிடைக்கும், கட்டணம் இல்லை. எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘18 ஆனதும் வா, நாங்க இருப்போம்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி இருந்தும் காட்டுங்கள்.

சவூதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா இவற்றுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விமானம் ஏறும் முன் போனிலிருந்து செயலிகள், உரையாடல்கள், படங்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். அங்கெல்லாம் தன்பாலுறவு இன்னும் குற்றம். சிங்கப்பூரில் அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. வெளிநாடு போனவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவது அவருக்காகத்தான் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

வீட்டில் தெரிந்துவிட்டால் இரண்டு வழியில் ஒன்றைத் தொடங்குவார்கள். அவசரக் கல்யாணம், இல்லையென்றால் குணப்படுத்தக் கூட்டிப்போவது. ஏர்வாடி தர்காவுக்கு நம்பிக்கையோடு போகிறவர்கள் ஏராளம், அந்த நம்பிக்கையை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறந்துவிடக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக்காட்டுகிறேன் என்று மருந்தோ ஷாக்கோ கொடுக்கிற மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. அம்மாவிடம் இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். ‘டாக்டர்ட்ட போவோம், நானும் வாறேன், ஆனா மனநல டாக்டர்ட்ட போவோம்’ என்று சொன்னால் பாதி வீடுகளில் கோபம் அடங்க நேரம் கிடைக்கும்.

வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றால் கோப்பு ஒன்று தயாராக இருக்கட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், கல்லூரிச் சான்றிதழ்கள். அசலை எடுக்க முடியாவிட்டால் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிவையுங்கள். கிளம்பும் நாளன்று உங்கள் கையெழுத்திலேயே, ‘எனக்கு 18 வயது முடிந்துவிட்டது, என் விருப்பத்தில் போகிறேன், யாரும் கடத்தவில்லை’ என்று எழுதித் தேதியிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுப்பது உறுதி. இப்படிப்பட்ட புகாரில் வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு இருப்பது வாக்குமூலத்தில் தெரிந்தால், துன்புறுத்தாமல் முடித்துவைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். அதையொட்டிக் காவலர் நடத்தை விதிகளிலும் இம்மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. உங்களை வீட்டில் அடைத்துவைத்துவிட்டால் வெளியே இருக்கும் நண்பர் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். ராமநாதபுரம் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. பணம் இல்லாவிட்டால் 15100ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு 181 உதவி எண் உண்டு. திருமணத்தை இந்தச் சட்டங்கள் இன்னும் தரவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி ஜூன். கொடியை வாங்காதீர்கள், தைத்துக்கொள்ளுங்கள். பார்சலில் வந்தால் அதை வீட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். ஆறு நிறத்தில் ஜாக்கெட் பிட் வாங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வானவில் கொடியை 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் எட்டு நிறத்தில் உருவாக்கினார். அடர் இளஞ்சிவப்புத் துணி மொத்தமாகக் கிடைக்காததால் அந்த நிறம் முதலில் போனது, அடுத்த ஆண்டு ஆறில் வந்து நின்றது. துணிக்கடையில் கிடைப்பதைப் பொறுத்துப் பிறந்த கொடி அது. நாமும் துணிக்கடைக்கே போவோம்.

36 அங்குல அகலமுள்ள டூ பை டூ ரூபியா, நிறத்துக்கு 1.10 மீட்டர். வெட்டிவைத்த 80 சென்டிமீட்டர் பிட் போதாது, தானிலிருந்து கிழித்துத் தரச்சொல்லுங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. மாம்பழ மஞ்சள் எடுத்தால் தூரத்தில் ஆரஞ்சோடு கலந்துவிடும், எலுமிச்சை மஞ்சள் கேளுங்கள். கிளிப்பச்சை வேண்டாம், மஞ்சளை அது விழுங்கும். மயில் நீலம் வேண்டாம், ராயல் புளூ. ஊதாவுக்குக் கத்தரிப்பூ நிறம். ஆறையும் தனித்தனியாக ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். சிவப்பும் ஊதாவும் சாயம் விடும். புதுத் துணி சுருங்கும் என்பதால் ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் கொடி கோணிக்கொள்ளும்.

தைத்து முடித்த கொடி 90க்கு 60 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பட்டையும் 97 சென்டிமீட்டர் நீளம். நடுவில் வரும் நாலு நிறமும் 12 சென்டிமீட்டர் அகலம். சிவப்பும் ஊதாவும் வெளியோரம் இரண்டு மடிப்பு வாங்குவதால் 13. எல்லாம் சேர்ந்தால் 74. ஐந்து இணைப்பில் தலா 2 போய் 64, மேலும் கீழும் ஓர மடிப்பில் 4 போய் 60. நீளத்தில் கம்பு நுழையும் குழாய்க்கு 5, எதிர் ஓர மடிப்புக்கு 2. 90 சென்டிமீட்டர் அகலத் துணியில் சிவப்பிலும் ஊதாவிலும் ஆறாறு பட்டை வரும், மற்றவற்றில் ஏழேழு. ஆக ஆறு பிட்டில் ஆறு கொடி, ஆளுக்கு ஒன்று. மிஞ்சும் நாலு நிறப் பட்டையைக் கைக்கு நாடாவாகத் தைக்கலாம்.

இணைப்பை ஒரு தையலில் விட்டால் கச்சான் காத்து ஒரே மாலையில் பிரித்துவிடும். உள்பக்கம் 1 சென்டிமீட்டர் விட்டு அடித்து, பிசிறை ஒருபக்கம் சாய்த்து, மேலே இன்னொரு தையல் போடுங்கள். கிழிசல் எப்போதும் காற்றில் அடிபடும் ஓரத்தின் கீழ் மூலையில்தான் தொடங்கும். அந்த ஓரத்துக்கு மூன்று வரிசை, மூலைக்கு முக்கோணமாக ஒரு துண்டு. பாலியஸ்டர் நூல் வேண்டும், பருத்தி நூல் உப்புக்காற்றில் இற்றுவிடும். திருநர் கொடி வேண்டுவோருக்கு வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என ஐந்து பட்டை. எந்தப்பக்கம் பிடித்தாலும் அது நேராகவே இருக்கும்.

கொண்டாட்டத்தை ஜூன் 15க்குப் பிறகு வையுங்கள். படகு கிளம்பியிருக்கும், வீட்டில் கொஞ்சம் காசும் மூச்சும் இருக்கும். இடத்துக்கு அரியமான் கடற்கரை நல்லது. ஞாயிறு மாலை குடும்பங்கள் நிறைய வரும், சவுக்கு மரங்கள் காற்றைத் தடுக்கும், கேக் வெட்டினால் பிறந்தநாள் என்று நினைப்பார்கள். தனுஷ்கோடியில் வெளியூர்க் கூட்டம் இருப்பதால் தெரிந்த முகம் குறைவு, ஆனால் மாலைக்குமேல் நிற்க விடமாட்டார்கள். இருட்டிய பிறகு எந்தக் கரையிலும் கூட்டமாக நிற்காதீர்கள். இலங்கைக்குக் கடத்தல் நடக்கும் கரை என்பதால் கடலோரப் போலீஸ் விசாரிக்கும், பயந்து ஓடினால் விவகாரம் வேறாகிவிடும். டிரோன் பறக்கவிடவே கூடாது, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. படகெடுத்துத் தீவுக்குப் போகலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைத்தால் வழக்கு.

படம் எடுக்கலாம், முகம் இல்லாமல். கை, நிழல், மணலில் கால்தடம், காற்றில் கொடி. பின்னால் படகு வந்தால் அதன் பதிவு எண் யார் படகு, எந்த ஊர் என்று சொல்லிவிடும். கோபுரமும் கலங்கரை விளக்கமும் அப்படித்தான். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.

தெருவில் ஊர்வலம் என்றால் காவல் நிலையத்தில் பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயரோடு எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பெயர் வெளியே வரும் என்பதை ஏற்றுக்கொண்டவர் மட்டும் கையெழுத்துப் போடட்டும். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை நினைவு தினங்களையொட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். அப்போது ஐந்து பேர் கூடுவதையும் தள்ளிப்போடுங்கள்.

பெருங்கூட்டத்தில் ஒருமுறையாவது நடந்து பார்க்க ஆசையிருந்தால் சென்னைக்குப் போகலாம். வழக்கமாக ஜூன் கடைசி ஞாயிறு நடக்கும். சனி மாலை ராமநாதபுரத்தில் ரயில் ஏறினால் ஞாயிறு காலை அங்கே இருப்பீர்கள். பேரணி பிற்பகலில் தொடங்கி மாலை வரை போகும். ராமேசுவரம் ரயில்கள் மாலையிலேயே கிளம்பிவிடுவதால் திரும்புவதற்கு இரவுப் பஸ் பாருங்கள். அப்பாவின் ஐஆர்சிடிசி கணக்கில் டிக்கெட் எடுத்தால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும், கவுன்ட்டரில் எடுங்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓரத்தில் நிற்கும், பேட்டி கேட்பார்கள். முகக்கவசமும் தொப்பியும் போட்டுக் கூட்டத்தின் நடுவில் நடங்கள். ஆறு பேரும் ஒன்றாகப் போங்கள். யாராவது திடீரென்று அழுதுவிடுவார்கள். தன்னைப் போல ஆயிரம் பேரை முதன்முதலாகப் பார்க்கும்போது அப்படி ஆகும். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஆள் இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் கொடியை அப்படியே மடித்துவைக்காதீர்கள். கடற்கரையில் பிடித்த கொடியில் உப்பும் மணலும் ஏறியிருக்கும், மடிப்போரங்களில் இற்றுப்போகும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். ராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு நல்ல தண்ணீர் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. அதனால் ராமநாதபுரத்தில் இருப்பவர் ஆறு கொடியையும் வாங்கிக்கொண்டு போய் அலசி, வெயில் படாமல் காயவைத்து, ஜாக்கெட் பிட் வாங்கிய அதே கடைப்பையில் போட்டு வைக்கட்டும். ஜூலை இரண்டாம் ஞாயிறு, 3 மணிக்கு வரும்போது எடுத்து வந்தால் போதும்.